ஒரே ஊர்ல ஓவியமும் வன உரிமை மனுவும்: ரெண்டு கட்டுரையா எழுதுறதா, ஒண்ணாவா?

மூடுபனி_கோத்தகிரி கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். கோத்தகிரியில இருந்து சுயேச்சையா எழுதுறேன், எந்தப் பத்திரிகையிலயும் சம்பளத்துல இல்ல. ஆசிரியர்களுக்கு மெயில் அனுப்புறப்போ 'மனித உரிமை, கலை ரெண்டும் என் துறை'ன்னு போட்டுக்குவேன். இப்ப அந்த ரெண்டும் ஒரே ஊர்ல வந்து மாட்டிக்கிச்சு.

சரிவுப் பக்கம் முப்பது வீடு இருக்கிற ஆலு குறும்பர் பழங்குடி ஊர். மூணு பேர் பரம்பரை ஓவியம் வரையிறாங்க. முன்ன சுவர்ல வரைஞ்சது, இப்ப தாள்லயும் துணியிலயும் வரைஞ்சு விக்கிறாங்க. அதே ஊர்ல பாதி வீடுகள் வன உரிமைச் சட்டத்துல (காட்டுல காலங்காலமா வாழுறவங்களோட நிலம், காட்டுப் பொருள் உரிமைய ஏத்துக்கிற சட்டம்) மனு குடுத்து பதிலுக்குக் காத்திருக்கு. வரையிறவங்க வீட்டு மனுவும் அதுல ஒண்ணு. கலைப் பகுதி ஆசிரியர், "பட்டா விவகாரத்த விட்டுடுங்க, ஓவியத்த எழுதுங்க"ங்கிறார். செய்திப் பகுதியில, "ஓவியம் எதுக்கு, எத்தன மனு நிலுவையில இருக்கு, அத சொல்லுங்க"ங்கிறாங்க.

மனு விஷயத்துல கையில என்னென்ன தாள் இருந்தா எழுதலாம்? ஓவியத்தப் பத்தி என்ன கேட்கணும், 'அழிந்துவரும் கலை'ன்னு எல்லாரும் எழுதுற மாதிரி ஆயிடக் கூடாது. ஊர்க்காரங்க சம்மதத்த எப்படி வாங்குறது? ரெண்டு இடத்துக்குக் குடுத்தா உரிமைச் சிக்கல் வருமா? தெரிஞ்சவங்க விவரமா சொல்லுங்க.

தாலுகா_வாசல்:

மனுவில் இருந்து தொடங்குகிறேன். 'மனு கொடுத்தோம், பதில் இல்லை' என்பதை அப்படியே எழுதினால் மறுநாளே 'பரிசீலனையில் உள்ளது' என்று ஒரு வரி மறுப்பு வந்து கட்டுரை செத்துப் போகும். எந்த மேசையில் நிற்கிறது என்று கண்டுபிடியுங்கள்.

2006 வன உரிமைச் சட்டத்தில் மூன்று படிவம். ஏ தனிநபர் உரிமைக்கு, பி சமூக உரிமைக்கு, சி சமூக வன வளத்துக்கு, அதாவது ஊர் வழிவழியாகப் பயன்படுத்தும் காட்டைக் காத்து நிர்வகிக்கும் உரிமைக்கு. ஊரில் பாதிப்பேர் எந்தப் படிவம் போட்டோம் என்று குழம்பியிருப்பார்கள். நகலை வாங்கிக் கண்ணால் பாருங்கள். மனு முதலில் கிராம சபைக்கு வரும். கிராம சபை தேர்ந்தெடுத்த வன உரிமைக் குழு இடத்தைப் பார்த்து அறிக்கை தரும். குழுவில் 10 முதல் 15 பேர். மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாமல் பழங்குடியினர், மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் பெண்கள். பிறகு சபை தீர்மானம், அதன்பின் கோட்டாட்சியர் தலைமையிலான கோட்ட அளவிலான குழு, கடைசியாக ஆட்சியர் தலைமையிலான மாவட்ட அளவிலான குழு. மாவட்டக் குழு எடுப்பதே முடிவு.

நீலகிரியில் மனு அதிகம் சிக்குவது முதல் படியிலேயே. ஊராட்சி பெரியது, குறும்பர் ஊர் அதில் ஒரு மூலை. ஊராட்சி முழுவதற்கும் கூட்டும் சபையில் இவர்கள் சிறுபான்மை. ஆனால் இந்தச் சட்டம் குடியிருப்பு அளவிலேயே சபை கூட்ட இடம் தருகிறது. 2012 திருத்த விதிகளின்படி பாதி உறுப்பினர் வர வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்காவது பெண்கள் இருக்க வேண்டும். ஆகவே உங்கள் முதல் கேள்வி: சபை எங்கே கூடியது, தீர்மானப் புத்தகத்தில் எத்தனை கையெழுத்து? அந்தப் பக்கத்தின் நகல் இல்லாமல் எழுத உட்கார வேண்டாம்.

அடுத்தது ஆதாரம். ஒன்றுக்கு மேற்பட்ட வகை ஆதாரம் வேண்டும் என்பது 13-ஆம் விதி. வாக்காளர் அட்டை, ரேஷன் அட்டை, வீட்டு வரி ரசீது, மனுதாரர் அல்லாத பெரியவர்களின் எழுத்து வடிவ வாக்குமூலம் எல்லாம் செல்லும். இடுகாடு, கிணறு, வழிபாட்டு இடம் போன்ற பழமை காட்டும் தடயங்களும் செல்லும். ஓவியம் இருக்கும் கோயில் சுவர் எங்கே நிற்கிறது என்று கேளுங்கள். ஓவியம் தனியாக ஆதாரம் ஆகாது, அந்த வழிபாட்டு இடம் ஆகும். உங்கள் இரண்டு கட்டுரையும் முட்டிக்கொள்ளும் முதல் இடம் இது.

நிராகரிப்பு என்றால் காரணத்தோடு எழுத்தில் மனுதாரரிடம் சேர்ந்திருக்க வேண்டும். அந்த நாளிலிருந்து 60 நாள் மேல்முறையீட்டுக்கு. மேல் குழுக்கள் ஒரேயடியாகத் தள்ளிவிடாமல், குறை இருந்தால் கிராம சபைக்கே திருப்பி அனுப்ப வேண்டும் என்றும் விதி இருக்கிறது. 'தள்ளுபடி ஆயிடுச்சுன்னு சொன்னாங்க' என்று ஊரில் சொன்னால், யார் சொன்னது, வாயாலா தாளிலா என்று கேளுங்கள். தாள் இல்லையென்றால் அதுவே உங்கள் செய்தி.

தகவல் உரிமை மனு: 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் போதும், இணையத்திலும் போடலாம். 'ஏன் தாமதம்?' என்று கேட்டால் பதில் வராது, ஏனென்றால் அது பதிவேட்டில் இல்லாத விஷயம். இப்படிக் கேளுங்கள்: 'இன்ன ஊராட்சியிலிருந்து இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை பெறப்பட்ட ஏ, பி, சி படிவ மனுக்களின் எண்ணிக்கை, ஒவ்வொன்றும் கோட்டக் குழுவுக்கு வந்த தேதி, கோட்டக் குழுக் கூட்ட நடவடிக்கைக் குறிப்புகளின் நகல்.' கோட்டாட்சியர் அலுவலகத்துக்கு ஒன்று, மாவட்டப் பழங்குடியினர் நலப் பிரிவுக்கு ஒன்று, வனக் கோட்டத்துக்கு ஒன்று, தனித்தனியாக அனுப்புங்கள். மூன்றும் ஒரே எண்ணைச் சொல்லாது. அந்த வித்தியாசத்தில்தான் கட்டுரை இருக்கிறது. 30 நாளில் பதில் இல்லையென்றால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதன் பிறகு 90 நாளுக்குள் தகவல் ஆணையம். மனுதாரர் பெயர்களைக் கேட்காதீர்கள். தனிநபர் தகவல் என்று சொல்லி மொத்தத்தையும் மறுக்க அது ஒரு சாக்கு.

பத்திரிகைகளில் தொடர்ந்து வரும் இரண்டு பிழை. '4 ஹெக்டேர் கிடைக்கும்' என்று எழுதுகிறார்கள். 4 ஹெக்டேர் உச்சவரம்பு, 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்து அனுபவத்தில் உள்ள நிலம்தான் கிடைக்கும். 'இலவசப் பட்டா' என்றும் எழுதுகிறார்கள். இது வருவாய்த்துறைப் பட்டா இல்லை, அரசு தரும் சலுகையும் இல்லை. ஏற்கெனவே இருந்த உரிமையை ஏற்றுக்கொள்வது. வாரிசுக்குப் போகும், விற்க முடியாது, கணவன் மனைவி இருவர் பெயரிலும் வரும்.

வேங்கைப்பிசின்:

மேலே உள்ளவர் கோயில் சுவரோடு நிறுத்திவிட்டார். இன்னும் ஒரு படி கீழே போகலாம், வண்ணத்துக்கு.

ஆலு குறும்பர் ஓவியத்தின் வண்ணம் கடையில் வாங்கியது இல்லை. செம்மண், வெள்ளை மண், கரி, இலைச்சாறு, வேங்கை மரப் பிசின். வேங்கைப் பட்டையைக் கீறினால் ரத்தம் மாதிரி வடியும், காற்றுப் பட்டுக் கருத்து இறுகும். அதைத் தண்ணீரில் கரைத்துத்தான் அந்தப் பழுப்பு. இப்போது சட்டத்தைப் பாருங்கள்: வெட்டும் தடிமரம் தவிர்த்துச் செடி கொடி மரத்திலிருந்து வரும் எல்லாமே சிறு வன விளைபொருள், தேனும் மெழுகும் பெயர் சொல்லியே பட்டியலில் இருக்கின்றன. அவற்றைச் சேகரிப்பதும் விற்பதும் சமூக உரிமை, பி படிவத்தில் கேட்பது. ஓவியத்தில் திரும்பத் திரும்ப வருவது தேன் எடுக்கும் பாறை. வரையும் பொருளும் வரையப்படும் பொருளும் அந்த மனுவுக்குள்ளேயே இருக்கின்றன. பட்டாவை விடச் சொன்ன ஆசிரியருக்கு ஒரு வரி அனுப்புங்கள்: 'வேங்கைப் பிசின் எடுக்கும் உரிமை இன்னும் தாளில் வராத ஊரில், அதே பிசினால் வரைந்த ஓவியம் கண்காட்சிக்குப் போகிறது.' அவர் வேண்டாம் என்று சொல்வது கஷ்டம்.

கேட்க வேண்டியதைப் பொருளிலிருந்து தொடங்குங்கள். 'இந்தக் கலை உங்களுக்கு என்ன அர்த்தம்?' என்று கேட்டால் ஏற்கெனவே பத்துப் பேருக்குச் சொன்ன பதிலே வரும். இந்தக் கிண்ணத்தில் இருப்பது எந்த மண், எந்த மாதம் எடுத்தது, மழையில் எடுத்தால் என்ன ஆகும், பிசின் எத்தனை நாள் கெடாமல் இருக்கும், தாளில் ஒட்டுகிறதா உதிர்கிறதா என்று கேளுங்கள். சுவரிலிருந்து தாளுக்கு வந்தபோது என்ன மாறியது? சுவருக்கு ஓரம் இல்லை, தாளுக்கு நாலு ஓரம். உருவங்களை எங்கே நிறுத்துவது என்பதே புதுக் கணக்கு. பழைய வழக்கில் கோயில் சுவரில் வரைந்தது ஆண்கள், பெரும்பாலும் பூசாரி வீட்டார். இப்போது யார் வரைகிறார்கள், அதற்கு ஊரில் என்ன பேச்சு? எந்த உருவத்தை விற்பனைக்கு வரையவே மாட்டீர்கள்? இந்தக் கடைசிக் கேள்வியை மட்டும் இரண்டாம் நாள் கேளுங்கள், முதல் நாளில் வேண்டாம்.

பணக் கேள்வியைக் கலைக் கட்டுரையில் கேட்கக் கூடாது என்று ஒரு பழக்கம் இருக்கிறது. மோசமான பழக்கம். ஒரு படத்துக்கு எத்தனை நாள், அந்த நாட்களில் தேயிலைக் கூலி எவ்வளவு போகும், படம் எவ்வளவுக்குப் போகிறது, நடுவில் யார் கை, தாளும் சட்டமும் யார் செலவு. இதைச் சொல்லாமல் 'பாரம்பரியம் வாழ்கிறது' என்று எழுதினால் பாதிக் கட்டுரைதான்.

புவிசார் குறியீட்டைப் பற்றியும் சரியாக எழுதுங்கள். தோடர் பூத்தையலுக்கு 2013-ல் கிடைத்தது. அதை நீலகிரிப் பழங்குடிக் கலை எல்லாவற்றுக்கும் கிடைத்த மாதிரி நீட்டி எழுதுகிறார்கள். குறியீடு இருந்தாலும், உரிமையாளராகப் பதிந்த அமைப்பு வேறு, 'அங்கீகரிக்கப்பட்ட பயனாளர்' என்று பதிந்த தையல்காரி வேறு. பதிவேட்டில் இரண்டும் தனித்தனிப் பகுதி. அந்த இரண்டாம் பகுதியில் எத்தனை பெயர் இருக்கிறது என்று பார்க்காமல் எழுதும் குறியீட்டுச் செய்தி விளம்பரத்தோடு சரி.

படம் எடுக்க: மூடுபனி வெளிச்சத்தில் மண் வண்ணம் எல்லாம் நீலம் பாரித்துப் போகும். ஒரு சாம்பல் அட்டையை ஓவியத்தின் பக்கத்தில் வைத்து முதல் படம் எடுத்துவிடுங்கள், பிறகு வண்ணம் சரி செய்யலாம். ஃபிளாஷ் வேண்டாம், பிசின் பூச்சு பளபளத்துத் தெரியும். வெளியில் குளிர், உள்ளே அடுப்பு எரியும் வீடு என்றால் கேமராவைப் பையிலிருந்து எடுக்காமல் இருபது நிமிடமாவது விடுங்கள், இல்லையென்றால் லென்ஸ் வேர்த்துவிடும். ஒலி பதிவு செய்தால் தகரக் கூரையில் மழை அடிக்காத நேரம் பார்த்து, பேச்சு இல்லாமல் வெறும் அறைச் சத்தம் முப்பது விநாடி தனியாக எடுத்து வையுங்கள். வெட்டி ஒட்டும்போது அது இல்லாமல் கை ஒடிந்த மாதிரி இருக்கும்.

பெயர். படத்தின் கீழ் 'பழங்குடிப் பெண் ஓவியம் வரைகிறார்' என்று வந்தால் அது யார் வரைந்தது? ஓவியர் பெயரைப் போடுங்கள்.

சோலைக்குருவி:

வேங்கைப்பிசின் எழுதிக் கொடுத்த அந்த ஒரு வரியை அப்படியே அச்சில் போட வேண்டாம். படித்ததும் வயிறு கலங்கியது.

உரிமை இன்னும் ஏற்கப்படவில்லை. பிசின் வந்தது காப்புக்காட்டிலிருந்து. ஓவியர் பெயரோடு 'காட்டில் பட்டை கீறி எடுத்தேன்' என்று எழுதினால், வனச் சட்டத்தில் வழக்குப் போட நினைப்பவருக்கு அது ஒப்புதல் வாக்குமூலம். வன உரிமைச் சட்டத்தின் 4(5) பிரிவு, சரிபார்ப்பு முடியும்வரை வெளியேற்றக் கூடாது என்கிறது. பிசின் எடுத்ததற்கு வழக்கே போடக் கூடாது என்று அது சொல்லவில்லை. எங்கே, எப்போது, யார் என்ற மூன்றில் ஒன்றையாவது விட்டுவிட வேண்டும். கலையை எழுதுபவர்கள் நுணுக்கம் தேடித் தேடி அந்த மூன்றையும் ஒரே பத்தியில் வைத்துவிடுவார்கள்.

அவர் கடைசியில் சொன்ன பெயர் விஷயத்திலும் சிக்கல் இருக்கிறது. ஓவியருக்குப் பெயர் வேண்டும், அது அவர் உரிமை. மனுதாரருக்குச் சில சமயம் பெயர் வரக் கூடாது. முப்பது வீட்டு ஊரில் ஓவியர் பெயரைப் போட்டால் ஊர் தெரியும், ஊர் தெரிந்தால் மனுதாரர் யாரென்று தெரியும். கலைக் கட்டுரை ஜனவரியில் பெயர், முகம், ஊரோடு வந்துவிட்டது, மனுக் கட்டுரை மார்ச்சில் 'பெயர் மாற்றப்பட்டுள்ளது' என்று வருகிறது என்றால் அந்த மாற்றத்துக்கு மதிப்பே இல்லை. எனவே இரண்டு கட்டுரைக்கும் சேர்த்து எது இறுக்கமான மறைப்போ அதை முதலிலேயே முடிவு செய்து, இரண்டிலும் அதையே கடைப்பிடியுங்கள். யாருக்கும் மறைப்பு வேண்டாம் என்று ஊர் கூடிச் சொன்னால் நல்லது, ஒரே கட்டுரையாக முழுப் பெயரோடு எழுதுங்கள். வேண்டும் என்றால் கலைக் கட்டுரையை மனு முடிவாகும்வரை தள்ளி வையுங்கள், அல்லது ஊர்ப் பெயர் இல்லாமல் தாலுகாப் பெயரோடு நிறுத்துங்கள். ஓவியருக்கு அதில் வருத்தம் இருந்தால் அவரிடமே நேராகப் பேசி முடிவெடுங்கள், அவருக்காக நீங்கள் தீர்மானிக்காதீர்கள்.

சம்மதத்தைக் கைநாட்டாக வாங்காதீர்கள். கைநாட்டு வைத்து நிலம் போன கதைகள் உள்ள மலை இது, தாளை நீட்டினாலே முகம் மாறும். குரல் பதிவாக வாங்குங்கள், அவர்கள் மொழியிலேயே. தமிழ் பேசுவார்கள் என்பதற்காகத் தமிழிலேயே முடித்துவிட வேண்டாம்; வீட்டுக்குள் பேசும் மொழியில் இன்னொருவர் விளக்கட்டும். அந்த இன்னொருவர் வனத்துறை வேட்டைத் தடுப்புக் காவலராகவோ எஸ்டேட் மேஸ்திரியாகவோ இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பெயர், முகம், குரல், ஊர், ஓவியத்தின் படம் என்று ஐந்தையும் தனித்தனியாகக் கேளுங்கள். ஒன்றுக்குச் சரி, ஒன்றுக்கு வேண்டாம் என்பது சாதாரணம். எந்தத் தேதிவரை மனம் மாறலாம் என்பதையும் சொல்லுங்கள்.

குழந்தைகள், பாலியல் குற்றம் எதுவும் கதைக்குள் வந்தால் வழக்கமான சம்மதம் போதாது. போக்சோ 23-ஆம் பிரிவு, சிறார் நீதிச் சட்டம் 74, பாரதிய நியாய சன்ஹிதா 72. பெயர் மட்டுமில்லை, பள்ளி, தெரு, உறவுமுறை என்று அடையாளம் காட்டும் எதுவும் வரக் கூடாது.

ஃபோனில் எடுத்த படத்தில் ஜிபிஎஸ் புள்ளி ஒட்டிக்கொண்டே வரும். வாட்ஸப்பில் டாக்குமென்டாக அனுப்பினால் அது நீங்காது. அனுப்பும் பிரதியில் அழித்துவிட்டு, மூலக் கோப்பை மட்டும் தொடாமல் வையுங்கள். வேங்கை மரமும் தேன் பாறையும் இருக்கும் இடமும் அப்படித்தான், வெளியே போகக் கூடாத தகவல். திரும்பி வந்த அன்றே மூலக் கோப்புகளுக்கு எஸ்ஹெச்ஏ-256 ஹாஷ் (கோப்பு மாறவில்லை என்று காட்டும், கைரேகை மாதிரியான ஒரு குறியீடு) எடுத்துக் குறித்து, இரண்டு இடத்தில் நகல் போடுங்கள். நாளைக்கு அவதூறு வழக்கு வந்தால், 2024 ஜூலையிலிருந்து நடைமுறையில் உள்ள சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுச் சான்றில் அந்த ஹாஷைக் கேட்பார்கள்.

அதிகாரிகளிடம் கருத்துக் கேட்பதை எழுத்தில் செய்யுங்கள், மூன்று வேலை நாள் கொடுங்கள். இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள்: 'இன்னாருடைய மனு ஏன் நிற்கிறது?' என்று கேட்டு அந்த ஆளையே காட்டிக் கொடுத்துவிடுகிறார்கள். ஊராட்சி வாரியாக எண்ணிக்கையைக் கேளுங்கள். மனுவுக்காக யாராவது மிரட்டப்பட்டிருந்தால், வன உரிமையை அனுபவிப்பதில் தலையிடுவதும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 3(1)(g)-யில் குற்றம் என்பதை நினைவில் வையுங்கள். மாநில மனித உரிமை ஆணையத்துக்குப் போவதென்றால் சம்பவம் நடந்து ஒரு வருடத்துக்குள். அதற்கு மேல் விசாரிக்க அவர்களுக்கே அதிகாரம் கிடையாது.

கடைசியாக, ஊருக்குள் போவது வேறு, காட்டுக்குள் போவது வேறு. ஊரார் அழைத்து ஊர்ப் பாதையில் போங்கள். பிசின் எடுப்பதைப் படம் பிடிக்கக் காப்புக்காட்டுக்குள் போனால் வனக் கோட்ட அனுமதி இல்லாமல் அது அத்துமீறல், உங்களோடு வந்தவருக்கும் சேர்த்து. முதுமலைப் பக்கம் போனால் வன உயிரினச் சட்டத்தின் 27, 28-ஆம் பிரிவுகளும் சேர்ந்துகொள்ளும்.

மூடுபனி_கோத்தகிரி:

ரொம்ப நன்றிங்க. ஒண்ணு மட்டும். வரைஞ்சு காட்டச் சொன்னா அவங்களுக்கு ஒரு நாள் கூலி போகுது. அதுக்குப் பணம் குடுக்கலாமா? மனுதாரருக்குக் குடுக்கக் கூடாதுன்னு தெரியும், ஆனா ரெண்டு பேரும் ஒரே ஆளா இருந்தா?

வேங்கைப்பிசின்:

கொடுக்கலாம், கொடுக்கத்தான் வேண்டும். உங்களுக்காக வரைவது வேலை. தேயிலைக் கூலிக்குக் குறையாமல் நாளுக்கு ஒரு தொகையை முன்பே பேசி, கட்டுரையிலும் ஒரு வரி சொல்லிவிடுங்கள். சோலைக்குருவிக்கு ஒரு ஒப்புதல்: அந்த வரியை அவசரத்தில் எழுதினேன். ஆசிரியருக்கான மெயிலில் இருக்கட்டும், அச்சுக்கு வேண்டாம்.

சோலைக்குருவி:

எனக்கு இதில் உடன்பாடு இல்லை. அதே ஆள் மனுதாரர் என்றால் ஒரு ரூபாய் கைமாறினாலும் 'காசு கொடுத்துப் பேச வைத்தார்' என்ற பேச்சு வரும், அடி வாங்குவது மனு. வரைந்து காட்டச் சொல்லாமல், அவர் தன் வேலையாக வரையும் நாளில் போய் உட்காருங்கள். ஓவியம் பிடித்திருந்தால் கட்டுரை வந்தபின், எல்லாருக்கும் சொல்லும் விலைக்கு வாங்குங்கள்.

பேரிஜம்:

பழனி மலைப் பக்கத்திலிருந்து. உரிமை, சம்பளம் பற்றி யாரும் இன்னும் சொல்லவில்லை.

பதிப்புரிமைச் சட்டம் 17-ஆம் பிரிவு. சம்பளத்தில் இல்லாதவர் எழுதிய கட்டுரைக்கு முதல் உரிமையாளர் எழுதியவரே. ஒளிப்படத்துக்கு அப்படி இல்லை: ஒருவர் கேட்டுப் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லையென்றால் கேட்டவரே உரிமையாளர். ஒரே கட்டுரையில் எழுத்து உங்களுடையது, படம் அவர்களுடையது என்று ஆகிவிடும். அதனால் 'படங்கள் ஒருமுறை வெளியிட மட்டும், உரிமை எடுத்தவருக்கே' என்று மெயிலில் ஒரு வரி எழுதி, 'சரி' என்ற பதிலை வாங்கியபிறகு ஊருக்குக் கிளம்புங்கள். உரிமையை மாற்றித் தருவது எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருடம், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா. பழைய கட்டுரைகளை இணையத்தில் தொகுத்து விற்கும்போது இந்த இரண்டு வரிதான் உங்களுக்குத் துணை.

இதில் ஓவியரை மறந்துவிடுகிறார்கள். ஓவியத்தின் உரிமை ஓவியருடையது. நடப்புச் செய்தியோடு ஒரு படம் போடலாம், 52-ஆம் பிரிவு இடம் தருகிறது. அதையே எடுத்து அட்டைக்கும் காலண்டருக்கும் போட இடம் இல்லை. உங்கள் ஒப்பந்தத்திலேயே 'ஓவியப் படங்கள் இந்தக் கட்டுரைக்கு மட்டும்' என்று எழுதிவிடுங்கள். உங்களிடம் இல்லாத உரிமையை நீங்கள் விற்றுவிடக் கூடாது.

இரண்டு ஆசிரியருக்கும் கொடுக்கலாம், ஒருவருக்கொருவர் தெரிந்தே இருக்க வேண்டும். மெயில் 250 சொல்லுக்குள். முதல் பத்தியில் முரண், இரண்டாவதில் கையில் இருக்கும் தாள், மூன்றாவதில் இன்னும் வர வேண்டிய தாள், கடைசியில் நீளம், படம், தேதி. 'கையில் இருப்பது, வர வேண்டியது' என்று பிரித்துச் சொன்னாலே ஆசிரியர் உங்களை வேறு மாதிரி பார்ப்பார். 'மனித உரிமை, கலை இரண்டும் என் துறை' என்ற வரியை எடுத்துவிடுங்கள், எல்லாரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். அதற்குப் பதில், வன உரிமை மனுக் கோப்பு படிக்கத் தெரியும், தகவல் உரிமை மனு இத்தனை நிலுவையில் இருக்கிறது, படுகர் மொழியான படுகு பேசுவேன், கோத்தகிரி குன்னூர் தாலுகாக்களில் நேரில் போய் எழுதுகிறேன், ஓவியத்தை வண்ணம் மாறாமல் படமெடுப்பேன் என்று எது உண்மையோ அதைப் போடுங்கள்.

பணம்: எழுதத் தொடங்கும் முன்பே தொகை, பயணச் செலவு, வெளியிடாவிட்டால் எவ்வளவு என்ற மூன்றையும் மெயிலில் வாங்குங்கள். வெளியிடாவிட்டால் பாதி கேட்பது தவறில்லை. உத்யம் என்ற சிறுதொழில்களுக்கான அரசுப் பதிவு இலவசம், இணையத்தில் போடலாம். குறுந்தொழிலாகப் பதிந்தவருக்கு ஒப்பந்தம் எப்படி இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும், தாமதமானால் வட்டி உண்டு. பில்லில் உத்யம் எண்ணை அச்சடித்தாலே கணக்குப் பிரிவில் கொஞ்சம் வேகம் வரும். 10 சதவீதம் வரி பிடித்தால் அது உங்கள் பான் எண்ணில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். பிடித்துவிட்டுக் கட்டாமல் விடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

கலையா உரிமையா என்ற கேள்விக்கு எங்கள் ஊர் உதாரணம் ஒன்று. கொடைக்கானல் பாதரச வெப்பமானித் தொழிற்சாலை 2001-ல் மூடப்பட்டது. 2015-ல் அதைப் பற்றிய ராப் பாடல் இணையத்தில் பரவியது. 2016-ல் 591 முன்னாள் தொழிலாளர்களோடு உடன்பாடு ஏற்பட்டது. பாட்டைப் பற்றி எழுதிய பலர் 2015-லிருந்து தொடங்கினார்கள். அதற்கு முந்தைய பதினான்கு வருடத்தில் தொழிலாளர்கள் சேர்த்த மருத்துவத் தாளும் நீதிமன்றத் தாளும் அந்தக் கட்டுரைகளில் பின்னணி ஆகிவிட்டன. உங்கள் ஊர் ஓவியர்கள் விஷயத்தில் தலைகீழாகச் செய்யலாம்: மனு எண், தேதி வரிசையை முதலில் ஒரு தாளில் எழுதி வையுங்கள், ஓவியம் அதில் எந்த வருடத்தில் தாளுக்கு வந்தது என்று பக்கத்தில் குறியுங்கள். எந்தக் கட்டுரை முதலில் வர வேண்டும் என்று அந்த வரிசையே காட்டிவிடும்.

தாலுகா_வாசல்:

நேரம் பற்றி ஒரு வார்த்தை. கிராம சபை வருடத்துக்கு ஆறு: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வன உரிமை பொருள் நிரலில் இருக்கிறதா என்று முன்கூட்டியே ஊராட்சிச் செயலரிடம் கேளுங்கள், அன்று போய்ப் பின்வரிசையில் உட்காருங்கள். கூடலூர் பந்தலூர் பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் மழை, உங்கள் பக்கம் அக்டோபர் முதல் டிசம்பர். நவம்பர் 1 கூட்டத்துக்கு முதல் நாளே போய்த் தங்கிவிடுவது நல்லது, காலையில் எந்த வளைவில் மண் சரிந்து பஸ் நிற்கும் என்று சொல்ல முடியாது.

மூடுபனி_கோத்தகிரி:

சரிங்க. வர்ற வாரம் ஊருக்குப் போய் பி படிவம் போட்டிருக்காங்களான்னு மொதல்ல பார்க்கிறேன். ஏ மட்டும்தான் போட்டிருக்காங்கன்னு நினைக்கிறேன். அப்படின்னா பிசின் விஷயம் மனுவுலயே இருக்காது.

தாலுகா_வாசல்:

அப்படியிருந்தால் அதைக் கட்டுரைக்கு முன் ஊரில் சொல்லுங்கள். பி படிவம் இப்போதும் போடலாம், கடைசித் தேதி எதுவும் இல்லை.